காலைப் பலகாரமும் காபித்தூளும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் காலை உணவுச் செலவைப் பற்றி எழுதியிருந்த சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில், காபித்தூள் விலையைப் பற்றி ஒரு வரியாவது புலம்பாத கடிதம் இல்லை. ஆகவே இம்மாதப் பகுதியை முழுவதுமாகக் காலைப் பலகாரத்துக்கும் சூடான பானங்களுக்குமே ஒதுக்கிவிட்டோம். ஒரே பொருளில் வந்த கடிதங்களுள் தெளிவாக எழுதப்பட்டிருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு மலை தெரிகிறது. அங்கேயே காபி விளையும்போது, பிரேசிலில் மழை இல்லை என்பதற்காகச் சேலத்தில் காபித்தூள் விலை ஏன் ஏறவேண்டும்?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: தங்கள் கோபம் நியாயமானது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடியை அறிமுகப்படுத்தியதிலிருந்து கணக்கிட்டால், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் காபிக்கும் ஏறத்தாழ 200 ஆண்டு உறவு. ஆனால் விளையும் இடம் வேறு, விலை முடிவாகும் இடம் வேறு. அராபிகா, ரோபஸ்டா என்ற இரண்டு முக்கியக் காபி வகைகளில் ஏற்காட்டில் விளைவது பெரும்பாலும் அராபிகா. அதற்கு நியூயார்க் சந்தையும், ரோபஸ்டாவுக்கு லண்டன் சந்தையும்தான் உலகம் முழுவதும் அளவுகோல். மலையில் கொட்டை வாங்க வரும் வியாபாரி அன்றைய நியூயார்க் விலையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டுதான் தோட்டக்காரரிடம் பேரம் பேசுகிறார்.

முன்பு இப்படி இல்லை. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காபி வாரியம், தோட்டக்காரர்களின் விளைச்சலைப் பொதுத் தொகுப்பாகத் திரட்டி விற்றுவந்தது. 1990களில் இந்த முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996இல் தோட்டக்காரர் தம் விளைச்சல் முழுவதையும் விரும்பியவருக்கு விற்கும் உரிமை பெற்றார். அதனால் அவருக்கு நன்மை உண்டு. கூடவே பிரேசிலில் பெய்யும் மழையும் பெய்யாத மழையும் நம் வீட்டு ஃபில்டர்வரை வந்துசேர்ந்தன. இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே கூடுதல் விலை கிடைக்கும்போது உள்ளூரில் குறைத்துக் கொடு என்று எந்தத் தோட்டக்காரரிடம் கேட்க முடியும்?

அண்மைய ஏற்றத்துக்குக் காரணம் வறட்சி. ரோபஸ்டாவில் முதலிடம் வகிக்கும் வியட்நாமும் அராபிகாவில் முதலிடம் வகிக்கும் பிரேசிலும் அடுத்தடுத்து வறட்சியில் சிக்கின. 2020 வாக்கில் டன்னுக்கு 1,300 டாலர் அளவில் கிடந்த ரோபஸ்டா, 2024 செப்டம்பரில் 5,000 டாலரைத் தாண்டியது. அராபிகா, 1977இல் எட்டிய பழைய உச்சத்தை 2024 டிசம்பரில் கடந்து, 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு எடைக்கு 4 டாலருக்கு மேல் போயிற்று. இதில் ரோபஸ்டாவின் ஏற்றமே நம்மை அதிகம் பாதித்தது. ஏனென்றால், குறைந்த விலைத் தூளிலும் உடனடிக் காபியிலும் இருப்பது பெரும்பாலும் அதுதான். அராபிகா ஏறினால் ரோபஸ்டாவைக் கூடுதலாகச் சேர்த்துச் சமாளிக்கும் பழைய தந்திரம் இந்த முறை வறுத்து அரைக்கும் கடைக்காரர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

கொட்டை விலை இறங்கினாலும் தூள் விலை உடனே இறங்குவதில்லை என்பதையும் தாங்கள் கவனித்திருப்பீர்கள். உயர்ந்த விலைக்கு வாங்கிய சரக்கு தீர்ந்த பிறகுதான் இறக்குவேன் என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. ஏற்றும்போது மட்டும் பழைய சரக்கு தீரும்வரை அவர் ஏன் காத்திருப்பதில்லை என்பது மீதிப் பாதி.

கேள்வி: சேலம் ஜங்ஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். காபி கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். டிகாஷன் காபி போட ஆரம்பிக்கலாமா, இன்ஸ்டன்ட் காபியே போதுமா?
– ஒரு டீக்கடைக்காரர், சூரமங்கலம்

பதில்: பாலும் சர்க்கரையும் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், தூளை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். டீக்கடையில் ஒரு தேநீருக்குச் செலவாகும் டஸ்ட் தேயிலை ஏறத்தாழ 2½ முதல் 3 கிராம். ஒரு கிலோவில் 350, 400 தேநீர் போடலாம். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறையில் வரும் இந்தப் பொடித் தேயிலை, கொதிநீர் பட்டவுடன் சாயத்தையும் கடுப்பையும் விட்டுவிடுகிறது. அதனால்தான் துணி வடிகட்டியில் ஒருமுறை போட்ட தூளிலேயே அடுத்த சில கிளாஸ்களுக்கும் வழி பிறக்கிறது. ஃபில்டர் காபிக்கோ ஒரு டம்ளருக்கு 8 முதல் 10 கிராம் தூள் வேண்டும். ஒரு கிலோவில் 100, 120 காபிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கணக்குக்காகத் தேயிலை கிலோ 300 ரூபாய், காபித்தூள் கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தேநீரில் தூளின் பங்கு 1 ரூபாய்க்கும் குறைவு. காபியில் 7, 8 ரூபாய். தமிழ்நாட்டின் தெருமுனைகள் டீக்கடைகளாக நிறைந்திருப்பதற்கும், அங்கே காபி என்று கேட்டால் இன்ஸ்டன்ட் காபியே வருவதற்கும் இந்த வேறுபாட்டில் பாதி விளக்கம் இருக்கிறது. இன்ஸ்டன்ட் தூளின் கிலோ விலை அதிகமானாலும் கிளாஸுக்கு 2 கிராம் போதும். அதன் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

மீதி விளக்கம் நேரத்தில் இருக்கிறது. டிகாஷன் இறங்கக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் மணம் போய்விடும். எனவே நாள் முழுவதும் டிகாஷன் வைத்திருப்பது உங்கள் கடைக்கு நஷ்டத்தையே தரும். விடியற்காலை ரயில்களில் வந்திறங்குபவர்களை நம்பி 5 மணி முதல் 9 மணி வரை மட்டும் டிகாஷன் காபி, அதன்பின் இன்ஸ்டன்ட் என்று பலகையில் வெளிப்படையாக எழுதிவைத்து நடத்துங்கள். பெங்களூரு சாலையில் கும்பகோணம் டிகிரி காபி என்ற பலகையோடு நிற்கும் கடைகளைப் பார்த்துவிட்டுப் பித்தளை டவரா செட் வாங்கிவிடாதீர்கள். காரை நிறுத்திக் கால் நீட்டி அமர்பவர் டவராவுக்கும் சேர்த்தே பணம் தருகிறார். உங்கள் கடையில் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் பேருந்து பிடிக்க ஓடுபவர் தரமாட்டார்.

கேள்வி: காபித்தூளில் சிக்கரி கலப்பது கலப்படம் ஆகாதா? எங்கள் கடைக்காரர் "சிக்கரி இல்லாவிட்டால் காபியே இல்லை" என்கிறார்.
– ஓர் ஆசிரியர், ஆத்தூர்

பதில்: சொல்லிவிட்டுக் கலந்தால் கலவை, சொல்லாமல் கலந்தால்தான் கலப்படம். காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்றும், இரண்டின் சதவீதத்தையும் பாக்கெட்டில் அச்சிடவேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆகவே 51க்கு 49 என்று விற்பதும் சட்டப்படி சரியே. அதைக் காபி விலைக்கு வாங்குவதுதான் நம் பிழை. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. காபியைவிட மிக மலிவு. அதில் காஃபீன் இல்லை. டிகாஷனுக்குக் கனத்தையும் கருநிறத்தையும் அது தருகிறது, தண்ணீரையும் சிறிது பிடித்துவைத்து மெல்ல இறக்குகிறது. 80க்கு 20 என்ற அளவு பாலோடு சேரும் காபிக்குப் பொருந்தும் என்பது என் நாக்கின் தீர்ப்பு. காபித்தூள் விலை ஏறிய காலத்தில், பாக்கெட்டின் நிறமும் பெயரும் மாறாமல் இந்த விகிதம் மட்டும் சத்தமில்லாமல் மாறுவதுண்டு என்பதால், மாதம் ஒருமுறை அந்தச் சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள்.

உதிரியாக வாங்குபவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து மேலே தூளைத் தூவினால், காபி சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்தபடி உடனே கீழே இறங்கும். சிக்கரி இருக்கிறதா என்பதை இது காட்டுமே தவிர, எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது.

கேள்வி: கார்ன் ஃப்ளேக்ஸைவிட ஓட்ஸ் நம் ஊரில் அதிகமாகப் பிடித்துக்கொண்டது ஏன்?
– ஒரு கல்லூரி மாணவி, சேலம்

பதில்: 1994இல் கெல்லாக்ஸ் நிறுவனம் இந்தியாவுக்கு வந்தபோது, குளிர்ந்த பாலில் போட்டு மொறுமொறுவென்று சாப்பிடவேண்டிய ஃப்ளேக்ஸை நாம் காய்ச்சிய பாலில் போட்டோம், அது கூழாகிவிட்டது. ஓட்ஸைக் கூழாகவே காய்ச்சலாம், கடுகு தாளித்து உப்புமாவாகவும் கிண்டலாம். வந்த இடத்தின் அடுப்புக்கு அது வளைந்துகொடுத்தது.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 6 பேர் சேர்ந்து இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்றிருக்கிறோம். ஏற்கெனவே தெருவுக்கு இரண்டு மாவுக்கடை இருக்கும்போது இது ஓடுமா?
– குழு உறுப்பினர் ஒருவர், ஓமலூர்

பதில்: ஓடும் என்றே நினைக்கிறேன். நம் காலைப் பலகாரம் மாறிவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். சேலத்துத் தெருக்களில் காலை 7 மணிக்கு நடந்து பார்த்தால் அதே இட்லி, அதே தோசை, அதே உப்புமாதான் மணக்கின்றன. மாறியிருப்பது அரைக்கும் கை. ஆட்டுக்கல்லிலிருந்து கிரைண்டருக்கு வந்த வேலை, கிரைண்டரிலிருந்து கடைக்குப் போய்விட்டது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஊறவைத்து, அரைத்து, கிரைண்டரைக் கழுவிவைக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தை நீங்கள் விலைக்குத் தருகிறீர்கள். இதைப் புரிந்துகொண்டால், எதிர்க்கடையைவிட 5 ரூபாய் குறைக்கவேண்டும் என்ற எண்ணம் வராது. மாவு வாங்குபவர் கேட்பதெல்லாம் நேற்றைப் போலவே இன்றும் இருக்கவேண்டும் என்பதுதான்.

அதுதான் கடினமும்கூட. மாவு பொங்குவது உளுந்தில் இயல்பாக இருக்கும் லியூக்கோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்களின் வேலை. மார்கழிக் குளிரில் விடியவிடியக் காத்திருந்தாலும் எழும்பாத மாவு, சித்திரையில் 5 மணி நேரத்தில் புளித்து வழியும். ஓமலூரில் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கோடையில் குளிர்ந்த நீர் விட்டு அரையுங்கள். கல் சூடேறினால் மாவு பாத்திரத்துக்கு வருமுன்பே புளிக்கத் தொடங்கிவிடும். முழுவதும் பொங்கிய மாவைப் பாக்கெட்டில் கட்டாமல், பாதி பொங்கியபோதே கட்டிக் குளிரில் வையுங்கள். மீதி பொங்குவது, வாங்குபவர் வீட்டில் நடக்கட்டும். மாலையில் கடை வாசலில் நீல வாளியிலிருந்து கரண்டியால் மொண்டு, பாலித்தீன் பையில் ஊற்றி, காற்று போக ஒரு தட்டுத் தட்டி முடிச்சுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டு வெறும் பழக்கம் இல்லை. நொதித்தலில் வெளிவரும் கரியமிலவாயுவும் சேர்ந்தால் இரவுக்குள் பை பந்தாக உப்பிவிடும், மறுநாள் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவே வாங்குபவர் தயங்குவார்.

உளுந்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற அளவில் அரைத்தால் ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 2½ முதல் 3 கிலோ மாவு கிடைக்கும். உளுந்தின் விலை ஏறும் மாதத்தில் ஐந்துக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று நழுவத் தோன்றும். நாம் வாங்கும் உளுந்தில் ஒரு பகுதி மியான்மரிலிருந்து இறக்குமதியாவதால், அந்த ஏற்றம் உங்கள் கையிலும் இல்லை, செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் கையிலும் இல்லை. அப்போது விலையைத்தான் ஏற்றவேண்டும், உளுந்தைக் குறைக்கக்கூடாது. பழைய உளுந்து எவ்வளவு அரைத்தாலும் பொங்காது. மூட்டை வாங்குமுன் ஒரு படி வாங்கி அரைத்துப் பார்த்துவிடுங்கள்.

சிறு அளவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடுங்கள். எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்தவேண்டும் என்பதையும் போடுங்கள். பெட்டிக்கடையிலிருந்து பெரிய கடையின் குளிர்பெட்டிக்குள் நுழைய அந்த எண்தான் அனுமதிச்சீட்டு.

கேள்வி: மகன் காபி குடிக்கக்கூடாது என்று ஊட்டச்சத்துப் பானம் கொடுத்துவருகிறேன். இவற்றை "ஹெல்த் டிரிங்க்" என்று சொல்லக்கூடாது என்று அரசு அறிவித்ததாக உறவினர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு தாய், மேட்டூர்

பதில்: உண்மைதான். பால், தானியம், மால்ட் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைத்து விற்கவேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். அதே மாதத்தில் ஹார்லிக்ஸை விற்கும் நிறுவனமும் அந்தப் பெயரைக் கைவிட்டு, வேறு பெயருள்ள பிரிவுக்கு மாறிக்கொண்டது. அதனால் அந்தப் பானம் நஞ்சாகிவிடவில்லை. டப்பாவுக்குள் இருப்பதும் மாறவில்லை.

தாங்கள் பார்க்கவேண்டியது டப்பாவின் பின்பக்கம். சேர்க்கப்பட்ட பொருள்களை எடை மிகுந்தது முதலில் வரும்படி வரிசையாக எழுதவேண்டும் என்பது விதி; சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு 100 கிராமில் எவ்வளவு சர்க்கரை என்ற எண்ணைப் பாருங்கள். அது 30 கிராம் என்றால், இரண்டு பெரிய கரண்டியாக 20 கிராம் தூள் போடும்போதே 6 கிராம் சர்க்கரை போய்விடுகிறது. அதன்மேல் தாங்கள் போடும் ஒரு கரண்டியையும் கூட்டிக்கொள்ளுங்கள். கேழ்வரகும் பொட்டுக்கடலையும் வறுத்து வீட்டில் அரைக்கும் சத்துமாவு இதைவிட மேல் என்று எழுத ஆசைதான். மகன் அதைக் குடிப்பானா என்பது தங்கள் வீட்டு விவகாரம்.

கேள்வி: என் தாத்தா காலத்தில் சாமைச் சோறு இல்லாதவர் சாப்பாடு. இன்று சாமை அரிசி பொன்னி அரிசியைவிட விலை. மலைவாழ் விவசாயிக்கா இந்தப் பணம் போகிறது?
– ஒரு வாசகர், வாழப்பாடி

பதில்: ஒரு பகுதி போகிறது, பெரும்பகுதி வழியில் தங்கிவிடுகிறது. கேழ்வரகையும் கம்பையும்போலச் சாமை எளிதில் கைக்கு வராது. அதன் உமி தானியத்தோடு இறுக ஒட்டியிருக்கும். உரலில் குத்திப் புடைத்துப் புடைத்து எடுத்த அந்தப் பாட்டிகளுக்குக் கூலி என்று எதுவும் கணக்கில் ஏறவில்லை என்பதாலும்தான் அன்று சாமை மலிவாக இருந்தது. இன்று அதை எந்திரத்தில் உமி நீக்கும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடுமாகப் போகிறது. மிஞ்சியதிலும் நொய் விழுகிறது. கல்ராயன் மலையிலோ சேர்வராயன் மலையிலோ உமியோடு மூட்டையாக விற்கும் விவசாயிக்கும், நகரத்தில் அரைக்கிலோ பாக்கெட்டாக வாங்கும் தங்களுக்கும் நடுவே இந்த எந்திரம்தான் நிற்கிறது. அது மலையடிவாரத்திலேயே இருந்து விவசாயிகளின் குழு கையில் இருந்தால் கணக்கு மாறும்.

2023ஐ ஐ.நா. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடைகளில் சிறுதானிய சேமியா, தோசை மாவு, பிஸ்கட் என்று வரிசை நீண்டது. முன்பக்கம் கேழ்வரகுப் படம் போட்டிருக்கும் பாக்கெட்டின் பின்பக்கம் மைதா முதலிடத்தில் இருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். வாங்குவதானால் தானியமாகவே வாங்குங்கள். கம்பு மாவைப் பாக்கெட்டில் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு காற்றுப்பட்டுச் சில நாள்களிலேயே கசந்துவிடும். முறத்தில் கொட்டி முகர்ந்து பார்க்கும் வழக்கம் போனபிறகு, அந்தக் கசப்பைக் கம்பின் குணம் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: காபியே சேராத சுக்குத் தண்ணீருக்குச் சுக்குக் காபி என்று ஏன் பெயர்?
– ஒரு வாசகர், எடப்பாடி

பதில்: காலையில் டம்ளரில் சூடாக வருவதையெல்லாம் காபி என்று அழைக்கும் அளவுக்குக் காபி நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். சுக்கும் மல்லியும் நாட்டுச் சர்க்கரையும் வழக்குத் தொடரப்போவதில்லை.

கேள்வி: கோடை விழாவுக்கு ஏற்காடு போகும்போதெல்லாம் அங்கே "ஏற்காடு காபி" என்று விற்கும் பாக்கெட்டை வாங்கிவருகிறேன். அது உண்மையில் ஏற்காட்டில் விளைந்ததுதானா?
– ஒரு வங்கி ஊழியர், சேலம்

பதில்: பாக்கெட்டின் பெயரை வைத்து மட்டும் சொல்ல முடியாது. 2019இல் குடகு, சிக்கமகளூரு, பாபாபுதன்கிரி, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகிய 4 இடங்களின் அராபிகாவுக்கும் வயநாட்டு ரோபஸ்டாவுக்கும், விளையும் இடத்தின் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டியலில் ஏற்காடு இல்லை. ஆகவே எந்தத் தோட்டம், எங்கே வறுத்தது என்று பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலாக் கடையில் தைல பாட்டிலுக்கும் மிளகுப் பொட்டலத்துக்கும் நடுவே வெயில் படத் தொங்கும் தூள் எங்கே விளைந்திருந்தாலும் மணம் இழந்திருக்கும்.

மலையில் அறுவடை நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கிறது. காய்ந்து, தோல் நீங்கி, தரம் பிரிந்து வரக் கோடை வந்துவிடும். ஆக, தாங்கள் போகும் மே மாதம் புதுச் சரக்கு கிடைக்கக்கூடிய காலமே. தூளாக வாங்காமல், வறுத்த தேதி அச்சிட்ட கொட்டையாகக் கேளுங்கள். புதிதாக வறுத்த கொட்டை சில நாள்களுக்கு வாயு வெளிவிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், நல்ல பாக்கெட்டில் சிறு வட்டமான ஒருவழித் திறப்பு இருக்கும். அதை மூக்கருகே வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தால், வாங்கலாமா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கீழே இறங்கி வந்ததும், வறுத்து அரைக்கும் கடையில் கொடுத்து ஃபில்டருக்கு ஏற்ற பதத்தில் அரைத்துக்கொள்ளுங்கள். எந்திரத்திலிருந்து விழும் தூள் கை பொறுக்கும் சூட்டோடு இருக்கும், ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். அரைப்பவர் "சிக்கரி எவ்வளவு?" என்று கேட்பார். அதற்குரிய பதில் மேலே ஆத்தூர் ஆசிரியருக்கு எழுதியதில் இருக்கிறது.